மீனைப் பார்க்க வந்தவர்கள்

மணக்காடு, திருவனந்தபுரம்
9 ஜூன் 2025, திங்கள்

ஏட்டி மீனு,

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். சரி. திங்களும் வியாழனும் சாலை பஜாரில் இருக்கிற நம் கடையிலிருந்து கழக்கூட்டத்துக்குப் பாத்திரம் ஏற்றிப் போகிற வண்டியை எப்படி பிளாக் செய்வாய்? விஜய்குமார் உன் ஹாஸ்டல் வாசலில் அரை மணி நேரம் நிற்பார். அதற்குள் பதில் எழுதிக் கொடு. டிரைவரைக் காக்க வைக்காதே, அவருக்கு இன்னும் நாலு கடையில் சரக்கு இறக்க வேண்டும்.

சண்டை போட எழுதவில்லை. உன் மீன் ரெண்டும் கறுத்துப் போச்சு.

நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் எட்டு நாள் ஆகிறது. தொட்டிக் கண்ணாடியில் பச்சையாக வழுவழுப்பு. அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது, உனக்குத் தெரியும். சனிக்கிழமை மீனை வாளியில் எடுத்து வைத்துவிட்டு, தொட்டியை நார் போட்டுத் தேய்த்தேன். சோப்பு போடவில்லை, அந்த அளவுக்கு அறிவு இருக்கிறது. பழைய தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டுக் குழாயிலிருந்து புதிதாக நிரப்பினேன். தொட்டி இப்போது பளிச்சென்று இருக்கிறது. மீன்தான் அப்படி இல்லை. டிபன் தட்டு அளவுக்கு வட்டமாக, ஒன்று சிவப்பும் ஒன்று நீலமுமாகத் திரிந்த உன் டிஸ்கஸ் ரெண்டும் கரி பிடித்த தோசைக்கல் மாதிரி மூலையில் சாய்ந்து நிற்கின்றன. தீனியும் எடுக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு எழுத எனக்குத் தெரியாது. திரவியம் அண்ணாச்சிக்கு நான் வாக்குக் கொடுத்தாயிற்று. ஜூலை பதினொன்று, வெள்ளிக்கிழமை, நிச்சயம். கர்க்கடகம், அதாவது நம் ஆடி, பிறக்கும் முன்னால் வைக்க வேண்டும் என்று லீலாபாய் மதினிக்குப் பிடிவாதம். அவர்கள் மகன் வினீத் நல்ல பையன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. உன் அப்பா போன பிறகு நான் தலைச்சுமையாகப் பாத்திரம் விற்ற காலத்தில், தன் கட்டடத்தின் முன்பக்கத்தைத் திறந்துவிட்டு 'இதுல வச்சு வில்லு' என்று சொன்ன மனுஷன் அண்ணாச்சி. இன்றைக்கும் நம் கடை அந்தக் கட்டடத்தில்தான். அவரிடம் போய் எப்படி இல்லை என்று சொல்ல?

மீனைப் பார்க்க வருகிறார்கள் என்று உன்னிடம் சொன்னது தப்பு என்றால் தப்பு. உன்னைப் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னால் சம்மதித்திருக்க மாட்டாய். அதனால் கேட்கவில்லை.

அம்மா

---

கழக்கூட்டம்
9 ஜூன், திங்கள்

அம்மா,

விஜய்குமார் அண்ணன் கீழே சாயா குடிக்கிறார். அதனால் வேகம் எழுதுகிறேன். தமிழில் எழுதி ரொம்ப நாளாச்சு, தப்பு இருந்தால் பொறுத்துக்கோ.

வெள்ளம் முழுக்க மாற்றவே கூடாது. குழாய் வெள்ளத்தில் குளோரின் உண்டு, மழைக்காலத்தில் கூடுதலாகப் போடுவார்கள். மாடியில் நீல டிரம் இருக்கிறதல்லவா, அதில் பிடித்து வைத்து, காற்று மோட்டாரை ஒரு நாள் முழுக்க ஓட விடு. பின்னே தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மாற்று. ஹீட்டர் இருபத்தொன்பதில் நிற்க வேண்டும். கண்ணாடியில் தட்டாதே. லைட் அணைத்துப் போடு. பயந்தால்தான் அதுகள் கறுக்கும். பயம் போனால் நிறம் தன்னால் வரும். தீனிக்கு இப்போதைக்கு அலமாரியில் இருக்கிற குருணை போதும். ஃப்ரீசரில் என் டப்பா எதையும் தொடாதே, ப்ளீஸ்.

மீன் காரியம் கழிந்தது. இனி என் காரியம்.

அன்றைக்கு நான் எப்படி நின்றேன் என்று ஓர்மை இருக்கா? பழைய நைட்டி, முழங்கை வரை தொட்டிக்குள். வந்தவர்கள் ஜோடி மீன் வாங்க வந்தவர்கள் என்று நினைத்து ஒரு மணிக்கூர் விளக்கினேன். 'சின்னதில் ஆறு வாங்கி ஒண்ணா வளர்த்தேன், அதுல இது ரெண்டும் தானே ஜோடி சேர்ந்தது, நாம பிடிச்சுச் சேர்த்தால் சேராது' என்றுகூடச் சொன்னேன். உன் மதினி உன்னைப் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு அப்போது மனசிலாகவில்லை.

போகும்போது படியில் நின்று அவர் சொன்னது: 'பெண் கொள்ளாம், பிடிச்சிருக்கு. இந்த மீன் வளர்ப்பு மட்டும் நம்ம வீட்டுல பற்றாது, விட்டுரணும் கேட்டோ.' நீ சொன்னது: 'அதெல்லாம் ஒழிச்சிரலாம் மதினி.'

நான் உள்ளே கதவுக்குப் பின்னால் துண்டில் கை துடைத்துக்கொண்டு நிற்கிறேன். யாரைப் பார்க்க வந்தார்கள் என்று எனக்கு அங்கே வைத்துத்தான் தெரிந்தது. வந்தவர்கள் பேசினதில் எனக்கு வருத்தமில்லை அம்மா.

மீனு

---

மணக்காடு
12 ஜூன், வியாழன்

மீனு,

நீ சொன்னபடியே டிரம்மில் பிடித்து வைத்து மாற்றினேன். 'வெள்ளம் மாற்று' என்று நீ எழுதியதை விஜய்குமாரிடம் வாசித்துக் காட்டினேன். நம் திருநெல்வேலியில் வெள்ளம் என்றால் ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம், இங்கே அதைத்தான் டம்ளரில் ஊற்றிக் குடிக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லிச் சிரித்தேன். சிவப்பு கொஞ்சம் சிவந்திருக்கிறது. நீலம் இன்னும் கறுப்புதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து வாசி.

நேற்றுக் காலையில் காய் ஒன்றும் இல்லை. ஃப்ரீசரைத் திறந்தால் உன் கையெழுத்தில் 'பீட்ரூட்' என்று எழுதின டப்பா. தொடாதே என்றிருந்தாய். நான் என்ன நினைத்தேன், பிள்ளை தனக்கென்று ஆசையாக அரைத்து வைத்திருக்கிறாள், திரும்பி வந்து தின்பாள் என்று. அதனால் ரெண்டு கட்டி மட்டும் எடுத்தேன். கடுகு தாளித்து, பச்சைமிளகாய் கீறி, தேங்காய் துருவி வைத்துக்கொண்டு கடாயில் போட்டேன். எழுந்த வாசனை பீட்ரூட் வாசனை இல்லை.

பக்கத்து வீட்டு ஆர்ஷாவைக் கூப்பிட்டேன். அவள் எட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, 'ஆன்டி, இது பீஃபாக்கும். ஹார்ட். மீனு எங்க மிக்ஸியிலதான் அரைச்சா. டிஸ்கஸுக்கு இதுதான் கொடுக்கணும்' என்றாள். அப்புறம் கடாயில் கடுகும் கறிவேப்பிலையும் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஷாலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு ஓடிப்போனாள்.

நாலு வருஷமாக, ஏட்டி! முட்டை நுழையாத அடுக்களை!

கடாயைக் கொல்லையில் வைத்தேன். குளித்தேன். திரும்பவும் குளித்தேன். தலை துவட்டும்போது யோசித்தேன். ரெண்டு கட்டி தோரன் ஆனது போகட்டும், டப்பாவில் இன்னும் இருபது கட்டி இருக்கிறது. அந்தப் பக்கம் மீன் ரெண்டும் குருணையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிடக்கின்றன. கடையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வந்து, பிடியில் சிவப்பு நூல் சுற்றி, இது இதற்கு மட்டும் என்று வைத்தேன். ஒரு கட்டியை இளக வைத்துப் போட்டேன், மூக்கைப் பொத்திக்கொண்டுதான். முதலில் சிவப்பு வந்து ஒரு வாய் எடுத்தது. நின்று யோசித்தது. இன்னொரு வாய். பிறகு நீலமும் வந்தது. எப்போது மூக்கிலிருந்து கையை எடுத்தேன் என்று ஞாபகம் இல்லை.

நீ செய்தது பெரிய தப்பு. சாப்பிட்டாயா? ஹாஸ்டலில் காலையில் என்ன கொடுக்கிறார்கள்?

அம்மா

---

கழக்கூட்டம்
12 ஜூன்

அம்மா,

கடிதத்தை என் அறையில் இருக்கிற ரெம்யாவுக்கு மலையாளத்தில் வாசித்துக் காட்டினேன். அவள் கட்டிலிலிருந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பின்னே அந்தச் சிவப்பு நூல் கரண்டி வந்த இடத்தில் கரைந்துபோய் வாசிக்க முடியவில்லை.

பீட்ரூட் என்று எழுதினது பொய்தான். மன்னிக்கணும். கேட்டால் நீ சம்மதிக்க மாட்டாய் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

இதை எழுதின பிறகுதான் பார்த்தேன், இது அப்படியே நீ எழுதின வாக்கியம்.

ஆனால் அம்மா, கடையில் நீ அப்படி இல்லையே. மட்டமான இருநூற்று ரெண்டு கிரேடு ஸ்டீலை உயர்ந்த முந்நூற்று நாலு என்று சொல்லி விற்கிறவர்கள் சாலையில் உண்டு. காந்தம் வைத்தாலும் ரெண்டிலும் ஒட்டாது, வாங்குகிறவனுக்குத் தெரியாது, விற்கிறவளுக்கு மட்டும்தான் தெரியும், அதனால்தான் வாயால் சரியாகச் சொல்லணும் என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். ஒரு கரண்டியைக்கூட மாற்றிச் சொல்லாதவள் என் காரியத்தில் மட்டும் ஏன் மாற்றிச் சொன்னாய்?

கல்யாணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பதினொன்றாம் தேதிக்கு முன்னால் அந்த வாக்கைத் திரும்ப எடு. எடுத்துவிட்டு என்னைக் கேள். என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. கேட்டால்தானே தெரியும்?

காலையில் புட்டும் பழமும். சாரமில்லை, பரவாயில்லை.

மீனு

---

மணக்காடு
19 ஜூன், வியாழன்

மீனு,

கரைந்தேன் என்று எழுதியிருந்தாய். மலையாளத்தில் அழுதேன் என்று, தமிழில் இளகினேன் என்று. எதுவானாலும் எனக்குச் சரிதான்.

திங்கட்கிழமை நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. நல்ல செய்தி ஒன்று, கெட்ட செய்தி ஒன்று. ரெண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும், பிரித்துச் சொன்னால் பாதிப் பொய்.

போன சனிக்கிழமை உன் ஜோடி, நீ கவிழ்த்து வைத்திருக்கிற மண்சட்டியின் பக்கத்தில் முட்டை இட்டது. வரிசை வரிசையாக, கசகசா ஒட்டினது போல. ஒன்று மாற்றி ஒன்று நின்று செவுளுக்குப் பக்கத்துத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த முன்னறையை விட்டுப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை லீலாபாய் மதினி நிச்சயச் சேலை காட்ட வந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. 'வாங்க மதினி, மீன் முட்டை இட்டிருக்கு, நல்ல சகுனம்' என்று கூட்டிக்கொண்டு போனேன். அவள் கண்ணாடியில் மோதிரத்தால் தட்டி 'ச்சூ ச்சூ' என்றாள். போனை எடுத்து ஃபிளாஷ் அடித்துப் போட்டோ எடுத்தாள். அண்ணாச்சிக்கு அனுப்ப வேண்டுமாம். நான் பக்கத்தில் நின்றேன். தட்டாதீங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

அவள் படி இறங்கிப் போன பிறகு வந்து பார்த்தேன். சட்டி சுத்தமாக இருந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை. சிவப்பின் வாயில் கடைசி ரெண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பெற்றதே தின்னுமா, ஏட்டி? இப்படியும் உண்டா?

அம்மா

---

கழக்கூட்டம்
19 ஜூன்

அம்மா,

உண்டு. ஆபத்து என்று தோன்றினால் தின்றுவிடும். மற்றவன் தின்பதற்கு முன்னால் தான் தின்னலாம் என்றுதான் அதுக்குத் தோன்றுமாக்கும். அதுகளுக்குத் துஷ்டத்தனம் ஒன்றும் இல்லை. பயம்தான்.

உன்னிடம் கோபப்படக் கடிதம் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். எழுத வரவில்லை. சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை என்று எழுதினாயே, அது போதும். அன்றைக்குப் படியிலும் அப்படித்தானா?

ஒரு வாரம் பத்து நாளில் திரும்ப இடும். இந்தத் தடவை முன்னறைக் கதவைச் சாத்திப் போடு. தொட்டியின் மூன்று பக்கமும் துணி தொங்கவிடு. யார் வந்தாலும் காட்டாதே. உன் மதினி சேலை காட்ட வந்தால், நான் பதினொன்றாம் தேதி அங்கே இருக்க மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிடு. சேலையை வேறு யாருக்காவது உபயோகிக்கட்டும்.

மீனு

---

மணக்காடு
3 ஜூலை, வியாழன்

மீனு,

ரெண்டு வாரமாக உனக்கு எழுதவில்லை. விஜய்குமாரிடம் ஊறுகாயும் மாற்றுத் துணியும் மட்டும் கொடுத்தனுப்பினேன். எழுத விஷயம் இல்லாமல் இல்லை. எழுதினால் யாருக்காவது சொன்னதாக ஆகிவிடும், கண் பட்டுவிடும் என்று ஒரு கிறுக்கு.

போன வாரம் செவ்வாய்க்கிழமை திரும்பவும் இட்டது. கதவைச் சாத்தினேன். என் பழைய கண்டாங்கியை மூன்று பக்கமும் தொங்கவிட்டேன். கடைக்குப் போகும்போது முன்னறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மதினி ரெண்டு தடவை வந்தாள். அடுக்களை வாசலிலேயே உட்கார வைத்து அனுப்பினேன். 'மீனைக் காட்ட மாட்டியளா?' என்றாள். 'மாட்டேன் மதினி' என்றேன். அவ்வளவு சுருக்கமாக அவளிடம் நான் பேசினதே இல்லை.

வெள்ளிக்கிழமை பொரிந்தது. திங்களன்று நீந்தத் தொடங்கி, நேராகப் போய்ப் பெரியதுகளின் உடம்பில் ஒட்டிக்கொண்டன. ஐம்பதோ அறுபதோ இருக்கும். பயந்து ஆர்ஷாவை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுக் கேட்டேன், உள்ளே விடவில்லை. அவள் போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள்: அதுகளின் தோலில் பால் மாதிரி ஒன்று ஊறுமாம், குஞ்சு அதைக் கடித்துத்தான் வளருமாம். ஆணுக்கும் ஊறுமாம், பெண்ணுக்கும் ஊறுமாம். ஏட்டி, நாலு வருஷம் வீட்டில் வைத்திருக்கிறாய், இதை ஒரு நாளாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே. சொல்ல வந்திருப்பாய். நான் கடைச் சாவியைத் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

நான் ஸ்டூலைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவப்புக்கு அலுத்தால் உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து விலகுகிறது. குஞ்செல்லாம் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு நீலத்தின் மேல் போய் ஒட்டுகின்றன. கொஞ்ச நேரம் கழித்து நீலம் சிலிர்க்கிறது, திரும்பச் சிவப்புக்கு. நல்ல ஏற்பாடு. எனக்கு மாற்றிவிட ஆள் இல்லை. உனக்கு ஆறு வயசில் காய்ச்சல் வந்தால் உன்னைப் பாத்திரக் கூடைக்குப் பக்கத்தில் சாக்கில் படுக்க வைத்துத்தான் விற்றேன். இதைப் பெருமைக்கு எழுதவில்லை. எனக்குப் பிறகு நீ அப்படி ஒற்றையாக நிற்கக் கூடாது என்ற பயத்தில் செய்தேன் என்று சொல்ல எழுதுகிறேன்.

ஆனால் அது பாதிதான். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அண்ணாச்சி பெண் கேட்ட அன்றைக்கு என் மனசில் ஒரு மூலையில் கடை இருந்தது. சம்பந்தம் ஆகிவிட்டால் அந்த இடத்தை விட்டு நம்மை யாரும் எழுப்ப முடியாது என்று நினைத்தேன். ஒரு நொடிதான். ஆனால் நினைத்தேன். உன்னை நான் விற்கவில்லை, மீனு. ஆனால் தராசு பக்கத்தில் இருந்தது. அன்றைக்குப் படியில் 'ஒழிச்சிரலாம்' என்று சொன்னது அந்த வாய்தான். நீ கேட்டாயே, அன்றைக்கும் சொல்ல வாய் வரை வந்ததா என்று. இல்லை. அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் என்னை இப்போது உறங்க விடாமல் செய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வீட்டுக்குப் போகிறேன்.

அம்மா

---

கழக்கூட்டம்
3 ஜூலை

அம்மா,

போகாதே.

விஜய்குமார் அண்ணனை ஒரு மணிக்கூராக நிறுத்தி வைத்துவிட்டு யோசித்து எழுதுகிறேன். கடை போனால் நீ என்ன செய்வாய்? பதினோரு வருஷம் அந்த முகப்பில் உட்கார்ந்திருக்கிறாய். சாலையில் யாரைக் கேட்டாலும் 'சொர்ணம்மாள் கடைக்கு எதிரே' என்றுதான் வழி சொல்வார்கள். அது எனக்காகப் போக வேண்டாம்.

வினீத் மோசம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு மீனைப் பற்றி நல்ல கேள்விதான் கேட்டார். நான் சம்மதித்தால் கடை நிற்கும் என்றால் சம்மதிக்கிறேன். மீனை ஆர்ஷாவுக்குக் கொடுத்துவிடலாம், அவள் நோக்கிக்கொள்வாள். பதினொன்றாம் தேதி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்.

குஞ்சு ஒட்டினதைப் பார்க்க நான் ரெண்டு வருஷம் காத்திருந்தேன். நீ பார்த்தாய் அல்லவா. அது மதி, அது போதும்.

மீனு

---

மணக்காடு
7 ஜூலை, திங்கள்

மீனு,

உன் சம்மதக் கடிதத்தை வாசித்துவிட்டுத்தான் நேற்றுப் போனேன். அந்தக் கடிதத்தில் உன் எழுத்து நான் குழாய்த் தண்ணீர் ஊற்றின அன்றைக்கு மீன் இருந்த மாதிரி இருந்தது. அப்படி ஒரு சம்மதத்தைக் கையில் வாங்கி நான் என்ன செய்ய?

மதினி காப்பி கொண்டு வந்தாள். குடித்துவிட்டுச் சொன்னால் மரியாதை இல்லை என்று டம்ளரைத் தொடாமலே சொன்னேன்.

'அண்ணாச்சி, குடுத்த வாக்கைத் திரும்ப எடுக்க வந்திருக்கேன்.'

மதினிதான் முதலில் பேசினாள். 'என்ன சொர்ணம், சரக்கு ரிட்டனா?'

'சரக்கு இல்லைன்னு எனக்கு இப்பத்தான் புத்தியில ஏறிச்சு மதினி.'

'பெண்ணுக்கு வேற யாராவது உண்டோ?'

'தெரியாது. கேக்கல.'

'நல்ல கதை. இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் கேட்டுக்கிட்டா எல்லாம் நடத்த முடியும்?'

'கேக்காம நடத்திப் பாத்தேன் மதினி. அதான் இங்க வந்து தலை குனிஞ்சு இருக்கேன்.'

அப்போது வினீத் மாடிப்படியில் நின்றுகொண்டு, 'அத்தை, என்கிட்டயும் மீனைப் பார்க்கப் போறோம்னுதான் சொன்னாங்க. அந்த நீல மீனுக்கு விலை கேக்கணும்னு இருந்தேன், அம்மா பேச விடல' என்றான். மதினி திரும்பிப் பார்த்த பார்வையில் பையன் ரெண்டு படி மேலே ஏறிவிட்டான். அண்ணாச்சி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைத்தாரா, வருத்தத்தை மறைத்தாரா, எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் அண்ணாச்சி சொன்னார்: 'இது வேற, கட வேற, சொர்ணம். நீ இருக்கிறபடி இரு.' நல்ல மனுஷன். வாய் ஒன்று மனசு ஒன்று கிடையாது. ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே நான் இனி உட்கார்ந்தால் மதினி தினமும் உன் பேரைச் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போவாள். நானும் இடத்துக்காகத் தலையாட்டிப் பழகிவிடுவேன். பழகிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் இடுப்பிலிருந்து கடைச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தேன். மாதக் கடைசி வரை வைத்துக்கொள் என்றார். அவ்வளவு வேண்டாம் அண்ணாச்சி, வெள்ளிக்கிழமையோடு ஒழித்துத் தருகிறேன் என்று அதுவரைக்கும் சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். பிறகுதான் காப்பியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

பயப்படாதே. ஆரியசாலைப் பக்கம் சந்தில் நம் குடோன் இருக்கிறதல்லவா, அதன் முன்பக்கத்தைக் கடையாக்குகிறேன். வண்டி நுழையாது. வழி தெரியாமல் நாலு பேர் திரும்பிப் போவார்கள். ஆறு மாதம் இழுபறியாக இருக்கும். அப்புறம் வருவார்கள். சொன்ன பாத்திரத்தைச் சொன்னபடி கொடுக்கிறவள் எந்தச் சந்தில் இருந்தாலும் தேடி வருவார்கள்.

நிச்சயத்துக்கென்று வெள்ளிக்கிழமை கடை ஆட்களுக்கு லீவும், ஒரு பெரிய வண்டியும் சொல்லி வைத்திருந்தேன். லீவை ரத்து செய்தேன். வண்டியை ரத்து செய்யவில்லை.

மீன் ஆர்ஷா வீட்டுக்குப் போகாது. தொட்டி இருந்த இடத்தில் இருக்கும். நீ எங்கே இருந்தாலும் அது இருக்கும்.

அம்மா

---

கழக்கூட்டம்
7 ஜூலை

அம்மா,

நாலு தாள் கிழித்துப் போட்டாச்சு. விஜய்குமார் அண்ணன் இன்றைக்கு ஹார்ன் அடிக்கவே இல்லை, பாவம். அவருக்கும் எல்லாம் தெரியும் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டேன். எங்கள் மானேஜர் ராகேஷ் சார், 'எந்தா மீனு, கல்யாண நிச்சயமா?' என்று கேட்டார். 'அல்ல சார், கட மாற்றம்' என்றேன். அதற்கெல்லாம் லீவு உண்டா என்று அவர் யோசிப்பதற்குள் சீட்டில் கையெழுத்து வாங்கிவிட்டேன். அது உன் ரத்தம்தான்.

குஞ்சுகளைப் பெரியதுகளோடு இன்னும் ஒரு வாரம், கூடினால் பத்து நாள் விடலாம். அதுக்கு மேல் விட்டால் கடித்துக் கடித்துப் பெரியதுகளின் தோல் புண்ணாகும். பிரிக்கிற வேலை நீ செய்ய வேண்டாம், நான் செய்கிறேன். ஒரு நாள்கூட முன்னால் பிரிக்க வேண்டாம்.

பிளாக் எடுத்துவிட்டேன். ஆனாலும் வியாழக்கிழமை கடிதம் வேண்டும், கேட்டோ. போனில் நீ பேசினால் கடைக்காரி. எழுதினால்தான் வேறு ஆள்.

மீனு

---

மணக்காடு
10 ஜூலை, வியாழன்

மீனு,

கேட்டபடி கடிதம். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, சுருக்கமாகத்தான் எழுதுவேன்.

நாளை, வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குச் சாலைக்கு வா. நேராகக் கடைக்கு. நல்ல உடுப்பு வேண்டாம், அலுமினியச் சட்டி உரசினால் கறை போகாது. கையில் மோதிரம் இருந்தால் கழற்றிவிடு. அடுக்கு அடுக்காக இறக்க வேண்டும், டம்ளர் எல்லாம் உன் பொறுப்பு, எவர்சில்வர் அண்டாவை ஆண்கள் தூக்கட்டும். அண்ணாச்சி வந்து நின்றால் வணக்கம் சொல். மதினி வந்து நின்றாலும் சொல்.

குஞ்சு எண்ணிக்கை நேற்று ஐம்பத்து மூன்று. இன்றைக்கு எண்ணவில்லை. அசைந்துகொண்டே இருக்கிறதை எப்படி எண்ண?

இனி ஒன்று. இதை நான் உத்தரவாகச் சொல்லி வழக்கம், இன்றைக்குக் கேட்கிறேன். சாமான் இறக்கி முடித்துவிட்டு நீ ஹாஸ்டலுக்குத் திரும்புகிறாயா, இங்கே வருகிறாயா? ஹாஸ்டலில் இருக்க வேண்டும் என்றால் இரு. மீனுக்காக வர வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்வேன். எனக்காகவும் வர வேண்டாம். உனக்கு எது தோன்றுகிறதோ அது. இப்போதே முடிவாகச் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு மட்டும் சொல். அரிசி எவ்வளவு போட வேண்டும் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். எழுத நேரமில்லை என்றால் விஜய்குமாரிடம் வாயால் சொல்லியனுப்பு.

அம்மா